வாட்ஜ் பேங்க்: குமரிக் கடலின் மீன்மேடும் 1976 உடன்பாடும்

வாட்ஜ் பேங்க் என்பது கன்னியாகுமரிக்குத் தெற்கே கடலுக்கடியில் பரந்து கிடக்கும் ஒரு மேட்டுப் பகுதி. இது தீவு அல்ல. கடல் வற்றும் வேளையிலும் இதன் எந்தப் பகுதியும் நீருக்கு மேல் தெரிவதில்லை. மீன்வளம் மிக்க இந்த மேட்டில் இலங்கையின் இழுவைக் கப்பல்கள் நெடுங்காலம் மீன்பிடித்து வந்தன. 1976 மார்ச் 23 அன்று இந்தியாவும் இலங்கையும் செய்துகொண்ட ஏற்பாட்டின்படி, இதன் வளங்கள் மீதான உரிமை இந்தியாவுக்கு என்று முடிவாயிற்று.

கச்சத்தீவைப் பற்றிய பேச்சு எழும்போதெல்லாம் வாட்ஜ் பேங்க்கின் பெயரும் சேர்ந்து வருகிறது. "சின்னத் தீவைக் கொடுத்துப் பெரிய மீன்வளத்தை வாங்கினோம்" என்று ஒரு சாரார் சொல்கின்றனர். "நமக்கே உரியதை நமக்குத் தந்துவிட்டு, நம் தீவை எடுத்துக்கொண்டார்கள்" என்று மற்றொரு சாரார் சொல்கின்றனர். இரண்டில் எது சரி என்பதை 1974, 1976 ஆண்டுகளின் ஆவணங்களையும் நிலப்படத்தையும் வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

அமைவிடமும் இயல்பும்

ஆங்கிலத்தில் 'பேங்க்' என்ற சொல்லுக்குப் பணம் போட்டு எடுக்கும் இடம் என்பது தவிர, கடலடி மேடு என்றும் ஒரு பொருள் உண்டு. தமிழில் இதற்குப் 'பார்' என்ற பழைய சொல் இருக்கிறது. தூத்துக்குடிக் கடலில் முத்துச் சிப்பி விளைந்த மேடுகளை 'முத்துப்பார்' என்றே அழைத்தனர். அந்த முறையில் வாட்ஜ் பேங்க்கை ஒரு பெரிய மீன்பார் எனலாம்.

ஏறத்தாழ வடக்கு அட்சரேகை 7 பாகை முதல் 8 பாகை 20 கலை வரையிலும், கிழக்குத் தீர்க்கரேகை 76 பாகை 30 கலை முதல் 78 பாகை வரையிலும் உள்ள கடற்பரப்புக்குள் இந்த மேடு அமைந்துள்ளது. பரப்பு சுமார் 4,000 சதுர மைல், அதாவது ஏறக்குறைய 10,000 சதுர கிலோமீட்டர். இந்தியத் துணைக்கண்டத்தின் கண்டத்திட்டு தெற்கு நோக்கி நீண்டிருக்கும் பகுதியே இது.

கடலைப் பார்த்தறியாத மாணவர்க்கு ஓர் உவமை உதவும். சத்தியமங்கலத்திலிருந்து திம்பம் மலைப்பாதையில் ஏறினால், வளைவுகளெல்லாம் முடிந்தபின் தாளவாடி மேட்டுநிலம் அகலமாக விரிகிறது. கீழே உள்ள சமவெளி ஆழ்கடல் தரை என்றும், தாளவாடி கடலுக்கடியில் உள்ள மேடு என்றும், அதற்கும் மேலே நீர் நிற்கிறது என்றும் எண்ணிக்கொண்டால் வாட்ஜ் பேங்க்கின் அமைப்பு விளங்கும். மேட்டின் மேல் ஆழம் குறைவு. விளிம்பைத் தாண்டினால் கடல் சட்டென்று ஆழம் காணும்.

ஆழம் குறைந்த இடத்தில் சூரிய ஒளி நன்கு இறங்குகிறது. தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் அடிநீர் மேலெழுந்து சத்துகளைக் கொண்டு வருகிறது. அதனால் நுண்ணுயிரிகள் பெருகுகின்றன. அவற்றை உண்ணச் சிறு மீன்களும், சிறு மீன்களை உண்ணப் பெரு மீன்களும் கூடுகின்றன. கலவா, விளமீன், பாறை, கணவாய் போன்றவை இங்குக் கிடைக்கின்றன. தரை இழுவைமடிக்குத் தோதாக இருந்ததால், இழுவைக் கப்பல்கள் பெருகிய காலத்தில் இந்த இடத்தின் மதிப்பும் கூடியது.

பொதுக்கடலாக இருந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் கரையிலிருந்து 3 கடல் மைல் வரையே ஒரு நாட்டின் ஆட்சிக்கடல் என்பது பரவலான வழக்கம். ஒரு கடல் மைல் 1.852 கிலோமீட்டர். அந்த 3 கடல் மைலுக்கு அப்பால் உள்ளது பொதுக்கடல். யாரும் கப்பல் ஓட்டலாம், யாரும் மீன்பிடிக்கலாம். ஊர்ப்புறத்து மேய்ச்சல் புறம்போக்கில் எந்த வீட்டு மாடும் மேய்வதைப் போன்றது இது. வாட்ஜ் பேங்க்கின் பெரும்பகுதி இத்தகைய பொதுக்கடலில்தான் இருந்தது.

இலங்கையில் 1920-களின் தொடக்கத்தில் 'லில்லா' என்ற நீராவி இழுவைக் கப்பல் மீன்வள ஆய்வில் ஈடுபட்டது. அந்த ஆய்வுகள் வாட்ஜ் பேங்க்கின் வளத்தைக் கொழும்புக்கு எடுத்துக்காட்டின. 1928-இல் 'புல்புல்' என்ற கப்பல் வணிக முறையில் அங்கே மீன்பிடிக்கத் தொடங்கியது. 1945 முதல் 'ராக்லன் காஸில்' என்ற கப்பல் தொழில் செய்தது. பின்னர் கொழும்புத் திட்ட உதவியின் கீழ்க் கனடா அளித்த 'மேப்பிள் லீஃப்' உள்ளிட்ட கப்பல்களும் சேர்ந்தன. வாட்ஜ் பேங்க் மீன் கொழும்புச் சந்தைக்கு வழக்கமான வரவாயிற்று.

இந்தியப் பக்கமும் சும்மா இருக்கவில்லை. சென்னை மாகாண மீன்வளத் துறை 1920-களின் பிற்பகுதியில் 'லேடி கோஷன்' என்ற இழுவைக் கப்பலைக் கொண்டு கடலாய்வு நடத்தியது. அக்காலத்தில் கன்னியாகுமரி சென்னை மாகாணத்தில் இல்லை. திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் கன்னியாகுமரி மாவட்டம் சென்னை மாநிலத்துடன் இணைந்தது. கரையோர மீனவர்கள் கட்டுமரத்திலும் வள்ளத்திலும் தூண்டில், வலை கொண்டு தொழில் செய்தனர். பெரிய இழுவைக் கப்பல்களைத் தொடர்ந்து அனுப்பி அந்த மேட்டைப் பயன்படுத்தியதில் இலங்கையே முந்தியிருந்தது.

இங்கே ஒன்றைத் தெளிவாகக் குறிக்க வேண்டும். இலங்கைக் கப்பல்கள் இந்தியக் கடலுக்குள் அத்துமீறி வரவில்லை. அன்றைய முறைப்படி அது யாருக்கும் சொந்தமில்லாத பொதுக்கடல். பல ஆண்டு வழக்கத்தால் தமக்கு அங்கே மீன்பிடி உரிமை உண்டு என்று இலங்கை எண்ணியதற்கும் காரணம் இதுவே.

கடல் சட்டம் மாறுகிறது

இரண்டாம் உலகப் போருக்குப் பின் நிலைமை மாறத் தொடங்கியது. மீனும் எண்ணெயும் கடலில் இருப்பதை உணர்ந்த கரையோர நாடுகள் தங்கள் உரிமையைக் கடலுக்குள் நீட்டின. இந்தியா 1967-இல் தன் ஆட்சிக்கடலை 12 கடல் மைலாக அறிவித்தது. 1973-இல் ஐக்கிய நாடுகளின் மூன்றாவது கடல் சட்ட மாநாடு தொடங்கியது. கரையிலிருந்து 200 கடல் மைல் வரை உள்ள கடலின் வளங்கள் அந்தந்தக் கரை நாட்டுக்கே என்ற கருத்து அங்கே வலுப்பெற்றது. இதுவே பிரத்தியேகப் பொருளாதார மண்டலம் எனப்படுகிறது. மாநாடு 1982-இல் கடல் சட்ட உடன்படிக்கையாக முடிவுற்றது. அது 1994-இல் நடைமுறைக்கு வந்தது.

மாணவர்கள் அடிக்கடி குழம்பும் இடம் ஒன்று இருக்கிறது. ஆட்சிக்கடலில் கரை நாட்டுக்கு இறையாண்மை உண்டு. அது ஏறத்தாழ நிலத்தின் மீது உள்ள ஆட்சியைப் போன்றது. பொருளாதார மண்டலத்தில் முழு இறையாண்மை கிடையாது. மீன், எண்ணெய், கனிமம் முதலிய வளங்களை எடுக்கவும் காக்கவும் மட்டுமே தனி உரிமை உண்டு. பிற நாட்டுக் கப்பல்கள் அவ்வழியே செல்லத் தடையில்லை. ஆகவே "வாட்ஜ் பேங்க் இந்திய மண்" என்று சொல்வது துல்லியமல்ல. "வாட்ஜ் பேங்க்கின் வளங்கள் மீது இந்தியாவுக்கே உரிமை" என்பதே சரியான கூற்று.

பழைய புறம்போக்குக்கு வரப்பு போடும் காலம் வந்தது. இந்தியாவுக்கும் இலங்கைக்கும் இடையில் உள்ள கடல் குறுகியது. இரு நாடுகளும் 200 கடல் மைல் கேட்டால் ஒன்றன் மேல் ஒன்று விழும். எனவே பேசித்தான் எல்லை வகுக்க வேண்டியிருந்தது.

1974: பாக் நீரிணையும் கச்சத்தீவும்

முதலில் பாக் நீரிணைப் பகுதி எடுத்துக்கொள்ளப்பட்டது. இங்கே சிக்கலாக இருந்தது 285 ஏக்கர் பரப்புள்ள கச்சத்தீவு. இராமநாதபுரம் ஜமீனின் உரிமை ஆவணங்களை இந்தியத் தரப்பு காட்டியது. இலங்கை தனக்கும் பழைய உரிமை உண்டு என்றது. 1921 அக்டோபரில் கொழும்பில் சென்னை மாகாண, இலங்கைப் பிரதிநிதிகள் மீன்பிடி எல்லை குறித்துப் பேசி, தீவுக்கு 3 மைல் மேற்கே ஒரு கோடு வரைந்தனர். அது முறைப்படி ஏற்புப் பெறாததால் வழக்கு நீடித்தது.

1974 ஜூன் 26 அன்று கொழும்பிலும் ஜூன் 28 அன்று புதுதில்லியிலும் கையெழுத்தான உடன்பாடு, ஆதாம் பாலம் முதல் பாக் நீரிணை வரை எல்லைக் கோட்டை வகுத்தது. கோடு கச்சத்தீவுக்கு ஒரு மைல் மேற்கே சென்றதால் தீவு இலங்கைப் பக்கம் ஆயிற்று. இந்திய மீனவரும் யாத்திரிகரும் வழக்கம்போல் கச்சத்தீவுக்கு வரலாம். விசா முதலிய பயண ஆவணம் தேவையில்லை என்று 5-ஆம் பிரிவு கூறியது. இரு நாட்டுப் படகுகளும் மற்றவர் கடலில் மரபாக அனுபவித்து வந்த உரிமைகள் தொடரும் என்று 6-ஆம் பிரிவு கூறியது. மீன்பிடி, கடற்பயண, யாத்திரை உரிமைகள் காக்கப்பட்டுள்ளன என்றே வெளியுறவு அமைச்சர் ஸ்வரண் சிங் 1974 ஜூலையில் நாடாளுமன்றத்தில் விளக்கினார்.

தமிழ்நாட்டில் எதிர்ப்பு எழுந்தது. முதலமைச்சர் மு. கருணாநிதி அனைத்துக் கட்சிக் கூட்டம் கூட்டினார். 1974 ஆகஸ்ட் 21 அன்று சட்டமன்றம் தீர்மானம் நிறைவேற்றியது. ஆயினும் உடன்பாடு நடைமுறைக்கு வந்தது. இந்த 1974 உடன்பாட்டில் வாட்ஜ் பேங்க் இடம்பெறவே இல்லை. அது ஆதாம் பாலத்துக்குத் தென்மேற்கே வெகு தூரத்தில், வேறு கடலில் இருக்கிறது.

1976: மன்னார் வளைகுடாவும் கடிதங்களும்

இரண்டாவது உடன்பாடு 1976 மார்ச் 23 அன்று ஏற்பட்டது. மன்னார் வளைகுடாவிலும் வங்காள விரிகுடாவிலும் எல்லைக் கோட்டை அது நீட்டியது. அன்று நாட்டில் நெருக்கடி நிலை இருந்தது. தமிழ்நாட்டு அரசு 1976 ஜனவரி 31 அன்று கலைக்கப்பட்டுக் குடியரசுத் தலைவர் ஆட்சி நடந்துகொண்டிருந்தது. கருத்துச் சொல்லச் சட்டமன்றமே இல்லாத நேரத்தில் இந்த உடன்பாடு முடிந்தது.

உடன்பாட்டின் பிரிவுகளில் பெரும்பாலும் எல்லைப் புள்ளிகளும் பொதுவான உரிமைகளுமே உள்ளன. மீனவர் வாழ்வைத் தொடும் வாசகங்கள் அதே நாளில் பரிமாறிக்கொண்ட கடிதங்களில் இருந்தன. இந்திய வெளியுறவுச் செயலாளர் கேவல் சிங்கும், இலங்கையின் பாதுகாப்பு, வெளியுறவு அமைச்சகச் செயலாளர் டபிள்யூ. டி. ஜயசிங்கவும் அவற்றை எழுதினர். கடிதங்களின் சாரம் இது:

முதலாவது, இந்திய மீனவர் இலங்கையின் வரலாற்று நீர்ப்பகுதி, ஆட்சிக்கடல், பொருளாதார மண்டலம் ஆகியவற்றில் வெளிப்படையான அனுமதி இன்றி மீன்பிடிக்கக் கூடாது. அவ்வாறே இலங்கை மீனவரும் இந்தியக் கடலில் மீன்பிடிக்கக் கூடாது.

இரண்டாவது, வாட்ஜ் பேங்க் இந்தியாவின் பொருளாதார மண்டலத்துக்குள் உள்ளது. அதன் பரப்பும் வளமும் இந்தியாவின் உரிமைக்கு உட்பட்டவை.

மூன்றாவது, இலங்கை அரசு கேட்டுக்கொண்டதன்பேரில், நல்லெண்ணத்தின் அடையாளமாக, இந்தியா தன் பொருளாதார மண்டலத்தை நிறுவும் நாள் முதல் மூன்று ஆண்டுகளுக்கு இலங்கைக் கப்பல்கள் உரிமம் பெற்று அங்கே மீன்பிடிக்கலாம். கப்பல்கள் ஆறுக்கு மேற்படக் கூடாது. ஆண்டுப் பிடிப்பு 2,000 டன்னைத் தாண்டக் கூடாது. கட்டணமும் சோதனையும் இந்தியாவின் கையில் இருக்கும்.

நான்காவது, அந்தக் காலத்துக்குள் இந்தியா அங்கே பெட்ரோலியமோ கனிமமோ தேட முடிவு செய்தால், அந்தப் பகுதிகளை முன்னரே தெரிவிக்கும். தேடல் தொடங்கும் நாளில் இலங்கைக் கப்பல்கள் அங்கிருந்து விலக வேண்டும்.

ஐந்தாவது, இலங்கைக் கப்பல்கள் மீன்பிடிப்பதை நிறுத்தியபின் ஐந்து ஆண்டுகளுக்கு, ஆண்டுக்கு 2,000 டன் மீனை, இரு தரப்பும் ஒத்துக்கொள்ளும் வகையிலும் விலையிலும் இந்தியா இலங்கைக்கு வழங்கும்.

1976-இலேயே இந்தியா கடல் மண்டலங்கள் சட்டத்தை இயற்றியது. 200 கடல் மைல் பொருளாதார மண்டலம் 1977 ஜனவரி 15 முதல் நடைமுறைக்கு வந்தது. அதிலிருந்து கணக்கிட்டால் இலங்கைக்கு அளித்த மூன்று ஆண்டுச் சலுகை 1980 ஜனவரியில் முடிகிறது.

பண்டமாற்றா?

இப்போது கேள்விக்கு வருவோம். கச்சத்தீவைக் கொடுத்ததற்கு ஈடாக வாட்ஜ் பேங்க் கிடைத்ததா?

ஆவணங்களின் வாசகத்தில் அப்படி எங்கும் இல்லை. தீவைப் பற்றிய ஏற்பாடு 1974-ஐச் சேர்ந்தது. மேட்டைப் பற்றிய ஏற்பாடு 1976-ஐச் சேர்ந்தது. ஒன்று மற்றொன்றை ஈடாகச் சுட்டவில்லை. பேச்சுவார்த்தை அறையில் பேசுவோர் மனத்தில் இரண்டும் ஒரே தட்டில் இருந்திருக்கக்கூடும் என்று வாதிடலாம்; அது ஊகம். எழுத்தில் உள்ளதையும் ஊகத்தையும் ஒன்றாக்கக் கூடாது.

நிலப்படம் இதைவிட வலுவான சான்று. எல்லை பிரிக்கும்போது இரு கரைகளுக்கும் சம தூரத்தில் கோடு வரைவது பொதுவான முறை. மாணவர்கள் நிலப்படத்தை எடுத்துத் தாங்களே இதைச் சோதிக்கலாம். கன்னியாகுமரி ஏறத்தாழ 8 பாகை 5 கலை அட்சரேகையில் உள்ளது. ஓர் அட்சரேகைப் பாகைக்கு 60 கடல் மைல். மேட்டின் தென்விளிம்பு 7 பாகையில் இருப்பதால், குமரியிலிருந்து அது சுமார் 65 கடல் மைல் தூரம். மேட்டின் கிழக்கு விளிம்பு 78 பாகைத் தீர்க்கரேகையில் உள்ளது. அதற்கு நேர்கிழக்கே உள்ள இலங்கைக் கரையை அடைய ஏறத்தாழ 100 கடல் மைலோ அதற்கு மேலோ செல்ல வேண்டும். தென்கிழக்கு மூலையை எடுத்தாலும் குமரி சுமார் 70 கடல் மைல் தூரத்திலும், இலங்கைக் கரை சுமார் 110 கடல் மைல் தூரத்திலும் உள்ளன. மேட்டின் எந்தப் புள்ளிக்கும் இந்தியக் கரையே அருகில்.

ஆகவே 200 கடல் மைல் மண்டலம் என்ற கொள்கையும் சம தூரக் கோடும் ஏற்கப்பட்டபின், வாட்ஜ் பேங்க் இந்தியாவின் பக்கமே வந்திருக்கும். அதற்காக ஒரு தீவை விலையாகக் கொடுக்க வேண்டியிருந்தது என்ற வாதம் நிலப்படத்தின் முன் நிற்பது கடினம். அதே நேரம், "நமக்கு உரியதையே நமக்குத் தந்தார்கள்" என்ற மறுபக்க வாதமும் முழுமையானதல்ல. 1976 வரை அது நம்முடையதாகவும் இல்லை, யாருடையதாகவும் இல்லை. நெடுங்கால வழக்கத்தைக் கைவிட இலங்கை சம்மதித்தது என்பதும் ஓர் இழப்பே. அந்த இழப்புக்காகத்தான் மூன்று ஆண்டு உரிமமும் ஐந்து ஆண்டு மீனும் தரப்பட்டன.

எனவே உண்மையான மாற்று கச்சத்தீவுக்கும் வாட்ஜ் பேங்க்கிற்கும் இடையில் நடந்ததல்ல. 1976 கடிதத்துக்குள்ளேயே நடந்தது. இலங்கை இழுவைக் கப்பல்கள் வாட்ஜ் பேங்க்கை விட்டன. இந்திய மீனவர், குறிப்பாக இராமேசுவரம், புதுக்கோட்டை, நாகப்பட்டினம் கரைகளைச் சேர்ந்தவர்கள், எல்லைக் கோட்டுக்கு அப்பால் இருந்த மரபுக் கடலை விட்டனர். இரண்டும் ஒரே கடிதத்தில், ஒன்றையொன்று அடுத்த வாசகங்களில் உள்ளன.

அவகாசம் யாருக்குக் கிடைத்தது?

இந்த இடத்தில்தான் வேறுபாடு கண்ணில் படுகிறது. வாட்ஜ் பேங்க்கை இழந்த இலங்கைக்கு அவகாசம் கிடைத்தது: ஆறு கப்பல், மூன்று ஆண்டு, அதன்பின் ஐந்து ஆண்டுக்கு ஆண்டுதோறும் 2,000 டன் மீன். பாக் நீரிணையை இழந்த தமிழ்நாட்டு மீனவருக்கு அந்தக் கடிதத்தில் அவகாசமும் இல்லை, உரிமமும் இல்லை, ஈடும் இல்லை. எண்ணிவிடக்கூடிய சில கப்பல்களின் தொழில் மாறுவதற்குக் கால அட்டவணை போட்டவர்கள், நாட்டுப்படகிலும் விசைப்படகிலும் அன்றாடம் பிழைக்கும் குடும்பங்களுக்கு அதைப் போடவில்லை.

மற்றொரு சிக்கலும் எஞ்சியது. 1974 உடன்பாட்டின் 6-ஆம் பிரிவு மரபுரிமை தொடரும் என்றது. 1976 கடிதம் அனுமதியின்றி மீன்பிடிக்கக் கூடாது என்றது. பின்னது முன்னதை நீக்கிவிட்டதா என்ற வாதம் இன்றும் நடக்கிறது. 1976 கடிதமே இறுதி என்பது இலங்கையின் நிலை. மரபுரிமையை ஒரு செயலாளரின் கடிதத்தால் பறிக்க முடியாது என்பது தமிழ்நாட்டில் பலரின் வாதம்.

மறு கரையின் நியாயத்தையும் சொல்லாமல் விடக் கூடாது. பாக் நீரிணையின் அக்கரையில் இருப்பவர்களும் தமிழ் மீனவர்களே. போர்க்காலத்தில் பல ஆண்டுகள் கடலுக்குப் போக முடியாமல் இருந்த யாழ்ப்பாணம், மன்னார் மீனவர், போர் முடிந்தபின் தங்கள் வலைகளை நமது இழுவைப் படகுகள் கிழிப்பதாகக் குறை கூறுகின்றனர். அடிமட்ட இழுவைமடியை இலங்கை 2017-இல் சட்டத்தால் தடை செய்தது. கடலின் அடித்தளத்தை அரித்தெடுக்கும் அந்த முறையை எதிர்ப்போர் தமிழ்நாட்டு நாட்டுப்படகு மீனவரிலும் உண்டு.

பிற கடல்களில் இதே கேள்வி

நீருக்கடியில் உள்ள மேட்டை ஒரு நாடு உரிமை கொண்டாட முடியுமா என்பது வேறு கடல்களிலும் எழுந்த கேள்வி. தென்சீனக் கடலில் மலேசியாவின் சரவாக் கரைக்கு அப்பால் உள்ள ஜேம்ஸ் ஷோல் நீருக்கு 20 மீட்டருக்கும் கீழே இருக்கிறது. ஆயினும் அதைச் சீனா தன் தென்கோடி நிலம் என்கிறது. பிலிப்பைன்ஸ் தொடுத்த வழக்கில் 2016 ஜூலை 12 அன்று நடுவர் தீர்ப்பாயம், வற்றும் வேளையில் மட்டும் தெரியும் மேடுகளுக்குத் தனிக் கடல் மண்டலம் கிடையாது என்று கூறியது. தீர்ப்பைச் சீனா ஏற்கவில்லை.

நம் நாட்டிலும் ஒரு முன்மாதிரி உண்டு. 1970 புயலுக்குப்பின் வங்காள விரிகுடாவில், ஹரியபங்கா ஆற்று முகத்துவாரத்தில் ஒரு மணல்திட்டு தலைகாட்டியது. இந்தியா அதை நியூ மூர் தீவு என்றது. வங்கதேசம் தெற்குத் தால்பட்டி என்றது. இரு நாடுகளும் உரிமை கோரின. காலப்போக்கில் திட்டு நீருக்குள் போய்விட்டது. 2014 ஜூலை 7 அன்று வந்த நடுவர் தீர்ப்பு, எல்லை வரைய அதை அடிப்படைப் புள்ளியாக ஏற்கவில்லை. வழக்கில் இருந்த சுமார் 25,600 சதுர கிலோமீட்டர் கடலில் ஏறத்தாழ 19,500 சதுர கிலோமீட்டர் வங்கதேசத்துக்குச் சென்றது.

இவற்றோடு ஒப்பிட்டால் வாட்ஜ் பேங்க் விவகாரம் அமைதியாகவே முடிந்தது. போர்க்கப்பல் வரவில்லை, நீதிமன்றம் போகவில்லை. மேட்டுக்கு யார் உரிமையாளர் என்று கேட்காமல், அது எந்தக் கரையின் மண்டலத்தில் விழுகிறது என்று கேட்டார்கள். பின்னாளில் தீர்ப்பாயங்கள் பின்பற்றிய வழியும் இதுவே.

இன்றைய நிலை

தூத்தூர், சின்னத்துறை, குளச்சல், முட்டம் என்று கன்னியாகுமரி மாவட்டக் கரை நெடுகிலும் உள்ள மீனவர்க்கு வாட்ஜ் பேங்க் வாழ்வாதாரக் கடல். கேரள மீனவரும் இங்கு வருகின்றனர். இன்று இதன் மீது இலங்கையுடன் தகராறு இல்லை. கேள்வி நாட்டுக்குள்ளேயே எழுந்துள்ளது. குமரிக்குத் தெற்கே ஆழ்கடலில் எண்ணெய், எரிவாயு தேடுவதற்காக மத்திய அரசு அண்மையில் வட்டாரங்களை ஏலத்துக்கு விட்டபோது, மீன்வளம் கெடும் என்று அம்மாவட்ட மீனவர் எதிர்த்தனர். பெட்ரோலியம் என்ற சொல் 1976 கடிதத்திலேயே இருந்ததை மேலே கண்டோம். மீனுக்காகப் பெற்ற உரிமை என்று மக்கள் நினைவில் வைத்திருக்கும் மேட்டை, அரசு அன்றே மீனோடு எண்ணெயும் சேர்த்துத்தான் கணக்கிட்டது.

கச்சத்தீவுப் பேச்சும் ஓயவில்லை. 2025 ஏப்ரல் 2 அன்று தமிழ்நாடு சட்டமன்றம் தீவை மீட்க வேண்டும் என்று மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியது. எல்லை வகுக்கப்படாத இடத்தில் எல்லை வகுத்தோமே தவிர, இந்திய நிலம் எதையும் விட்டுக்கொடுக்கவில்லை என்பது மத்திய அரசு நீதிமன்றத்தில் எடுத்த நிலை.

முடிவுரை

வாட்ஜ் பேங்க்கின் வரலாற்றிலிருந்து மூன்று செய்திகள் உறுதியாகின்றன. இது கச்சத்தீவுக்கு விலையாகக் கிடைத்தது என்று ஆவணத்தில் இல்லை. சம தூரக் கோட்டின்படி இது இந்தியாவின் பக்கமே விழக்கூடியது. 1976 கடிதத்தில் இரு தரப்பு மீன்பிடி வழக்கங்களும் ஒரே நாளில் முடிக்கப்பட்டன. ஆனால் ஒரு தரப்புக்கு மட்டுமே இடைக்கால ஏற்பாடு செய்யப்பட்டது.

மூன்றாவது செய்திதான் இன்றும் பயன்படக்கூடியது. உரிமம் பெற்ற படகு, எண்ணிக்கை வரம்பு, ஆண்டுப் பிடிப்பு அளவு, முடிவு நாள் என்று 1976-இல் இலங்கையின் ஆறு கப்பல்களுக்காக எழுதப்பட்ட அதே முறையைப் பாக் நீரிணைக்கும் எழுதியிருக்க முடியும். இரு கரை மீனவரும் உட்கார்ந்து பேசி, இழுவைமடியைக் குறைத்து, உரிமத்தின்பேரில் நாள் பகிர்ந்து தொழில் செய்யும் திட்டத்தை இன்றும் எழுத முடியும். அதற்குப் புதிய சட்டத் தத்துவம் எதுவும் தேவையில்லை. இரு அரசுகளும் ஒருமுறை கையெழுத்திட்ட கடிதத்திலேயே அதன் மாதிரி இருக்கிறது.